இருகதவுக் காரின் ஒழுக்கு

முற்றத்தில் ஆண்டுக்கணக்காகத் துருவேறிக் கிடந்த இருகதவு ஸ்போர்ட்ஸ் காரை, வள்ளம் பழுதுபார்க்கும் இசிதோர் தாமே திருத்தத் தொடங்கியிருந்தார். கார் வேலை அவருக்குப் புதிது. எஞ்சினை எப்படியோ இயங்க வைத்துவிட்டார். மழைத் தண்ணீர்தான் அவரைப் பாடாய்ப்படுத்தியது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒரு துளையைத் தேடிப்பிடித்து, வள்ளத்துக்குப் பூசும் பிசினால் அடைப்பார். அடுத்த மழைக்கு உள்ளே தண்ணீர் இன்னும் கூடியிருக்கும்.

"தலவிலக் கோயில் திருநாளுக்கு இதிலதான் போறம்," என்றார் மனைவியிடம்.

"தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து நான் வரமாட்டன்," என்றார் றெஜினா. "இன்னொருக்கா ஒழுகினா, பழைய இரும்புக்காரனுக்குத்தான் குடுக்கிறது. சொல்லிப்போட்டன்."

அடுத்த மழையில் இருக்கையே நனைந்தது. இசிதோர் வாடிய முகத்தோடு இரும்புக்காரனை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். றெஜினா காரின் கதவை அறைந்து சாத்தினார். கதவுக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

"இஞ்சருங்கோ, கதவில எங்க ஓட்டை அடைச்சனீங்கள்?"

"அடியில மூண்டு. மற்றக் கதவிலயும் அதே இடத்தில மூண்டு. எல்லாம் பாழாப்போன துரு."

"துரு அளவெடுத்தே ஓட்டை போடும்?"

இசிதோர் துளைகருவியை எடுத்துவந்து பிசினைக் குடைந்தார். கதவுக் கண்ணாடியோரமாக உள்ளே இறங்கும் மழைநீர் வெளியேறவென்று காரைச் செய்தவர்களே வைத்த வழி திறந்துகொண்டது. தண்ணீர் றெஜினாவின் காலடியில் கொட்டியது.

"இது மிதக்கிற சாமான் இல்லையப்பா, ஓடுற சாமான்!" என்று சிரித்த றெஜினா, ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார்.