உள்ளது உள்ளபடி

கடையில் ஸ்பீக்கர் வாங்க வந்த பெண்மணியின் போனிலிருந்த பாட்டு, முதல் ஜோடியில் தேனாக வழிந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேற காட்டுங்க. இதுல குரல் ரொம்ப நல்லாருக்கு."

"நல்லாருந்தா நல்லதுதானே மேடம்?" என்றான் விற்பனையாளன்.

"வீட்ல சின்ன ரூம்ல ரெக்கார்டிங் பண்ணறதுக்கு. பூசி மெழுகக் கூடாது. உள்ளது உள்ளபடி கேக்கணும்."

விஷயம் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் என்று அவன் முடிவுகட்டினான். மூலையிலிருந்த ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரில் அவருடைய போனை மாற்றி இணைத்தான். அதே பாட்டுதான். ஆனால் சுருதி ஒரு பக்கம் போனது, பாடியவர் ஒரு பக்கம் போனார். நடுவில் மூச்சு வாங்கியதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

பெண்மணியின் முகம் மலர்ந்தது. "இதையே குடுத்துடுங்க."

"பாடறவர் பாவம் மேடம். உங்க ஸ்டுடியோவுக்குப் புதுசா?"

"எங்க வீட்டுக்காரர். கல்யாணமான நாள்லேர்ந்து அவர் பாடினா பிரமாதம்னு சொல்லிட்டு வரேன். இப்ப வேலையை விட்டுட்டு முழுநேரமும் பாடப் போறாராம். இனிமே நான் எந்த வாயால மாத்திச் சொல்றது?"

விற்பனையாளன் பெட்டியை ஒட்டினான்.

"மேல கலர் பேப்பர் சுத்துங்க," என்றார் அவர். "என்னோட பரிசுன்னு குடுக்கணும்."