நான்கு பேர் கூட்டம்

"அடுப்பை அணைச்சுடாதே, ரொட்டியோட வந்துடுறேன்" என்று மனைவி ஸபீராவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான் இல்முதீன். ரொட்டிக்கடை வரிசை கலகமாகப் போகிறது என்று நகரத்தின் கணிப்பு இயந்திரம் முன்கூட்டியே சொன்னது. காவலர்கள் சுட்டார்கள். கலகம் நடக்கவில்லை, இல்முதீன் திரும்பவுமில்லை.

மறுநாள் அவன் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க நான்கு ஆண்களுக்குத்தான் அனுமதி. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் இயந்திரம் அலறும், துப்பாக்கி வெடிக்கும். ஸபீரா முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

அவள் தங்கை மஹ்மூதா கையைப் பிடித்தாள். "புருஷனை இழந்து வீட்டுக்குள்ள இத்தா இருக்கவேண்டியவ எங்கே போறே லாத்தா? பொம்பளை அடக்கம் பண்ண மையவாடிக்குப் போவாளா?"

"போகமாட்டாள்னுதான் அந்த மெஷினும் நெனச்சிருக்கு. நேத்து பொம்பளைங்க தெருவே அடைக்க நின்னு அழுதோமே, அது வாயத் திறந்துச்சா? செருப்பைப் போடுடி."

மஹ்மூதா போட்டாள். வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாலை அஸர் பாங்கு சொல்வதற்குள் பெண்கள் மையவாடிப் பாதையை விட்டுத் திரும்பி அதிபர் மாளிகையைச் சுற்றித் தோளோடு தோள் நின்றார்கள். சந்தூக்கைத் தூக்கியவர்களை மட்டும் எண்ணி இயந்திரம் காட்டிய 'கூட்டம்: நான்கு பேர்' என்ற அறிவிப்பைப் பார்த்து அதிபர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு உடைந்தது.

ஆட்சி மாறியது, கொடியும் மாறியது. புதியவர்கள் இயந்திரத்தைத் துடைத்து மறுபடி மாட்டினார்கள்.

"நாம சொல்லிடலாமா லாத்தா?" என்றாள் மஹ்மூதா.

"வாயை மூடிட்டு நட."

அது இன்னும் பெண்களை எண்ணுவதில்லை.