நேராக நடந்த எலி

தவிடன் என்ற எலிக்குத் தள்ளாட்டம் பரம்பரைச் சொத்து. ஆய்வுக்கூடத்தில் அவன் மண்டையைத் திறந்து, தள்ளாடாத வேறோர் எலியின் பிறக்காத குட்டியிடமிருந்து எடுத்த மூளைத் துணுக்கை வைத்துத் தைத்தார்கள். சில வாரங்களில் நடை நேரானது. கூண்டுக்குத் திரும்பியவனைத் தங்கை பொட்டு வழிமறித்தாள்.

"யாருடா நீ? எங்க வீட்ல யாரும் இப்படி விறைப்பா நடந்ததில்லையே!"

"உன் அண்ணன்தான், பொட்டு."

மோந்து பார்த்தாள். "வாசனை அண்ணன்தான். நடக்கிறது யாரு?"

அது அவனுக்கும் தெரியவில்லை. தண்ணீர் என்று நினைப்பதற்குள் கால்கள் அங்கே போய் நிற்கின்றன.

குழப்பத்தில் பின்வாங்கிய பொட்டு தள்ளாடி மல்லாந்து விழுந்தாள். தவிடன் ஓடிப்போய்க் கை கொடுத்தான். அவள் பிடிக்கவில்லை.

"எங்கண்ணனா இருந்தா இந்நேரம் என் மேலயே விழுந்திருப்பான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுக் கிடப்போம்."

சொல்லிவிட்டு, கிடந்தபடியே காத்திருந்தாள். எப்படி விழுவது என்று தெரியாமல் தவிடன் நின்றுகொண்டிருந்தான்.