அதோ அந்த முனை

ஆளரவமே இல்லாத கடலோரம். ஒற்றையாள் கயாக் படகு ஒன்று விடியலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. வழிநெடுகப் பாறைச் சுவர்தான், ஒதுங்க இடமில்லை. காற்று கிளம்புவதற்குள் மணற்கரையைப் பிடித்தாக வேண்டும்.

"இன்னும் எவ்வளவு தூரம் அண்ணே?" என்றது புதுத் துடுப்பு.

தாண்ட வேண்டியவை கடலுக்குள் நீண்ட ஏழு பாறை முனைகள் என்று படகுக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னால் துடுப்பு துவண்டுபோகுமே!

"அதோ அந்த முனையைத் தாண்டினா கரைதான் தம்பி."

தாண்டினார்கள். கரை இல்லை. துடுப்பு திரும்பவும் கேட்டது, படகு திரும்பவும் அதையே சொன்னது.

ஐந்தாவது முனையில் பாறை உரசிப் படகின் அடியில் கீறல் விழுந்தது. தண்ணீர் ஏற ஏற அதன் மூக்கு தாழ்ந்தது.

"எவ்வளவு தூரம் அண்ணே?" துடுப்பு விடவில்லை.

"அதோ... அந்த முனைதான்" என்று படகு மூக்கை நிமிர்த்தியது.

ஏழாவது முனைக்கு அப்பால் அடியில் மணல் தட்டியது.

"மன்னிச்சுக்கோ தம்பி. காலையிலிருந்து பொய்தான் சொன்னேன்."

"தெரியும் அண்ணே. நீங்க தண்ணியோட தண்ணியா கிடக்கிறீங்க. நான் ஒவ்வொரு வீச்சுக்கும் மேலே போய் வர்றவன். நீங்க காட்டின முனைக்கு அந்தப் பக்கம் இருந்த முனையெல்லாம் எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் கேட்டுக்கிட்டே வந்தே?"

"பதில் சொல்லும்போதெல்லாம் உங்க மூக்கு நிமிர்ந்துச்சே அண்ணே."