சட்டைக் கையில் மூன்று சொட்டு

"நாற்பதே நாற்பது பாராட்டு. ஆளுக்கு ரெண்டு வரி. உனக்கு இது ஒரு வேலையா, பொண்ணே?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் பச்சை. காலையில் சட்னிக்குக் கீரை அரைத்திருப்பாள் என்று நில்டா நினைத்துக்கொண்டாள்.

"விளம்பரம் பண்ணித் தர்றேம்மா. இணையத்துல பக்கம் திறந்து, படம் போட்டு, கோச்சபாம்பா ஊர் முழுக்கத் தெரியவைக்கிறேன். உங்க கடையில சாப்பிட்டவங்க பேர்ல பொய் மட்டும் எழுத மாட்டேன்."

"முன்னால எழுதினியாமே. உன்னை மிஞ்ச இந்த ஊர்ல ஆளே இல்லைன்னாங்க."

நில்டா வாசல் பக்கம் பார்த்தாள். இரண்டு மாதமாக ஒரு வாடிக்கையாளரும் படியேறி வரவில்லை. இந்த வாரமும் வேலை எதுவும் கிடைக்காவிட்டால் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, சாந்தா குரூஸ் நகரத்தில் அக்காவின் துணிக்கடையில் போய் நிற்க வேண்டியதுதான். அக்காவின் வாயும் சும்மா இருக்காது. வந்த ஒரே ஆளும் இப்படியா கேட்க வேண்டும் என்று அவளுக்கு அழுகையே வந்தது.

அம்மாள் பையைப் பிரித்தாள். உள்ளே சூடாக இரண்டு சால்தேன்யா. "முதல்ல சாப்பிடு. வெறும் வயித்தோட வீம்பு பிடிக்காதே."

மடித்துச் சுட்ட மாவுக்குள் கறிக்குழம்பு ததும்பும். நுனியைக் கடித்துக் குழம்பை முதலில் உறிஞ்சிவிட வேண்டும், இல்லாவிட்டால் சட்டை பாழ். அம்மாள் ஒரு சொட்டு சிந்தாமல் சாப்பிட்டாள். நில்டாவின் சட்டைக் கையில் மூன்று சொட்டு விழுந்தது.

"நீ இந்த ஊர்க்காரின்னு வெளிய சொல்லிடாதே" என்றாள் அம்மாள்.

"இவ்வளவு நல்லா இருக்கே. இதுக்கு எதுக்கும்மா பொய்?"

"எதிர்க்கடைக்காரனுக்கு ஐநூறு பாராட்டு இருக்கு. எனக்கு ஒண்ணுகூட இல்லை. ருசியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கூலி வேணா ரெண்டு மடங்கா வாங்கிக்க. தொழில் நடத்துற உத்தேசம் உண்டா இல்லையா உனக்கு?"

நில்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "பச்சைக் கதவுன்னு ஒரு சால்தேன்யாக் கடை இருந்தது, தெரியுமா?"

அம்மாள் மெல்வதை நிறுத்தவில்லை. "சொல்லு."

"நாலு வருஷம் ஆச்சு. அந்தக் கடைக்காரம்மாவோட தம்பி போன்ல பேசினாரு. கூட்டம் வரணும், அவ்வளவுதான்னாரு. ஒரே நாள்ல இருநூறு பேர் பேர்ல புகழ்ந்து எழுதித் தள்ளினேன். வந்துச்சு கூட்டம், தெருமுனை வரைக்கும். ஆனா குழம்பை முந்தின நாளே காய்ச்சி, குளிரவச்சு, உறைஞ்சப்புறம்தானே மாவுல மடிக்கணும்? அதுக்கு நேரமில்லாம சுடச்சுட ஊத்தி மடிச்சிருக்காங்க. மாவு ஊறி, கையில எடுத்தாலே பிஞ்சுபோச்சு. வந்தவங்க எல்லாம் திட்டி எழுதினாங்க. அந்தத் திட்டு அத்தனையும் நிஜம். ஒன்றரை மாசத்துல கடையை மூடிட்டாங்க."

"குழம்பு உறையறதுக்கு முன்னாடி மடிச்சது அவதானே? நீ என்ன பண்ணுவே?"

"ஒரு நாளைக்கு எத்தனை சுடுவீங்கன்னு நான் கேக்கவே இல்லையேம்மா. அதைவிடக் கேவலம் என்னன்னா, அவங்க சால்தேன்யாவை நான் ஒரு தடவைகூட வாயில வச்சதில்லை. ருசியே பாக்காம இருநூறு பேருக்காகப் பேசியிருக்கேன். மன்னிப்புக் கேக்கப் போனேன். கதவுல பூட்டு தொங்குச்சு. அன்னைக்கு விட்டது. இந்த அலுவலகத்தை மூடினாலும் மூடுவேனே தவிர, அந்த வேலை செய்ய மாட்டேன்."

"அப்போ எனக்கு என்னதான் எழுதுவே?"

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை சுடுவீங்க?"

"நூத்தம்பது. எவன் வந்து நின்னாலும் அதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

"அதைத்தான் எழுதுவேன். எட்டு மணிக்குத் திறப்போம், நூத்தம்பது முடிஞ்சா மூடிடுவோம், சட்டையில சிந்தினா நாங்க பொறுப்பில்லை. என் சட்டைக் கையையே படம் எடுத்துப் போடுவேன். இஷ்டம்னா சொல்லுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

அம்மாள் அந்த மூன்று சொட்டையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, வந்ததிலிருந்து முதல்முறையாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, போடு."

நில்டா கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். "கடைப் பேரு சொல்லுங்கம்மா."

அம்மாள் விரல்களைப் பாவாடையில் தேய்த்துப் பார்த்தாள். பச்சை போகவில்லை.

"பழைய பேருதான். கதவுக்குக் காலையிலதான் பெயிண்ட் அடிச்சேன், இன்னும் காயலை" என்றாள். "எழுது, பொண்ணே. இந்தத் தடவை சாப்பிட்டுட்டுத்தானே எழுதப்போறே."