அனைவருக்கும் மறுப்பு

மூன்று மணிக்கு மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் அம்மா வருவதற்குள் அந்த ஃபைலை யார் கையும் படாமல் பூட்டியாக வேண்டும். மருந்துக் கம்பெனி கெமிஸ்டான அவளுக்கு அவசரத்தில் பாஸ்வேர்டே இரண்டு முறை தப்பிப் போனது.

ஃபைலில் இருந்தது குழந்தைகளுக்கான இருமல் மருந்தின் சோதனை முடிவு. மருந்து தேறவில்லை, குடித்தால் பிஞ்சுகளின் சிறுநீரகம் தாங்காது. லாரி நாளைக் காலையில் கிளம்புகிறது.

"அந்த ஃபைல் இல்லாமலே போனா யாருக்கும்மா நஷ்டம்?" என்று காலையிலேயே சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார் மேனேஜர். மிச்சமிருந்த மருந்து மாதிரியை அவரே சிங்க்கில் ஊற்றிக் கழுவியும் விட்டார். மறுபடி சோதிக்க நேரமில்லை; இனி ஆதாரம் என்றால் இந்த ஒரு ஃபைல்தான்.

அனுமதிப் பட்டியலைத் திறந்தாள். பதினான்கு பேர், முதல் ஆளே மேனேஜர். ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டிருக்க நேரமேது? 'அனைவரும்' என்று ஒரு வரி சேர்த்து, அதன் எதிரே 'மறுப்பு' கொடுத்தாள். தன் பெயருக்கு எதிரே 'அனுமதி' பத்திரமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டாள்.

கீழே 'முயற்சிகளைப் பதிவு செய்' என்று ஒரு சின்னக் கட்டம். எதற்கும் இருக்கட்டுமே என்று அதையும் டிக் செய்துவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் கண்ணாடி அறையிலிருந்து மவுஸ் சத்தம் டிக் டிக்கென்று ஓயாமல் கேட்டது. அப்புறம் கதவு திறந்தது. மேனேஜர் வெளியே வந்தார்.

"ஃபைல்ல கை வச்சியாம்மா?"

"இல்லையே சார்."

"உன் பொண்ணுக்கு நாலு மணிக்குத்தானே ஸ்கூல் விடும்? தனியா வேற நடந்து வருது. பத்திரம்."

அந்தச் சிரிப்பு மட்டும் மாறவே இல்லை.

சொன்ன நேரத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். "இருமல் மருந்து ரிசல்ட்டைக் காட்டுங்கம்மா."

அழுத்தினாள். 'அனுமதி மறுக்கப்பட்டது.' மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பதில். பதறிப்போய் கம்ப்யூட்டர் பிரிவு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அனைவருக்கும் மறுப்புன்னு போட்டேண்ணே. என் பேருக்குத்தான் அனுமதி இருக்கே?"

"அடக் கடவுளே! ரெண்டும் இருந்தா மறுப்புதாம்மா ஜெயிக்கும். அந்த அனைவர்ல நீயும் ஒருத்திதானே? இனிமே ஹெட் ஆபீஸ்ல திறந்தாத்தான் உண்டு. நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்."

நாளைச் சாயங்காலம் லாரி எந்த ஊரில் இருக்குமோ! யாரிடமிருந்து ஒளித்தாளோ, அவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாவம், பதட்டத்துல ஏதோ சொதப்பிட்டாங்க மேடம். நல்லவேளை, நான் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்," என்று மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அதில் எல்லா எண்களும் அப்பழுக்கில்லாமல் இருந்தன.

"மேடம், அது பொய்!" அவள் குரல் உடைந்தது.

"ஆதாரம் ஏதாவது இருக்காம்மா?"

இல்லை. தன் கையாலேயே அதைப் பூட்டித் தொலைத்தாயிற்று. நாலு மணிக்கு மகள் தனியாக நடந்து வருவாளே என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, எங்கே போனாலும் கடைசியாகப் பார்க்கும் முயற்சிப் பதிவேட்டைத் திறந்தார். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன் சார், இந்த ஃபைலை அழிக்க நீங்க எதுக்குப் பதினேழு தடவை முயற்சி பண்ணியிருக்கீங்க?"