ரெண்டு முழம் மல்லி

"நேத்து நீ கேட்டேன்னுதானே கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு முழம் மல்லி வாங்கியாந்தேன்? உன் தலையில ஒரு பூவைக்கூடக் காணோமே, இன்னா ஆச்சு?"

ஜெயப்பிரகாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி தனுஷா டீத்தூள் டப்பாவைத் திறந்தாள். மல்லிச் சரம் தூளுக்குள் புதைந்து கிடந்தது.

"பூவை யாராச்சும் டீத்தூள்ல போடுவாங்களா?"

"ராத்திரி முழுக்கக் கிடந்தா வாசனை ஏறிக்கும்ங்க. போன்ல பார்த்தேன்."

சரத்தை அப்படியே உருவி எடுத்துவிட்டு, தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டினாள். பாலைத் தனியாக நுரை பொங்க ஆற்றி மேலே ஊற்றினாள்.

ஒரு வாய் குடித்த ஜெயப்பிரகாஷ் முகத்தைச் சுளித்தான். "பூக்கடையில நிக்கிற மாதிரி இருக்குது. நீயும் டீ குடிக்க மாட்ட. அப்புறம் யாருக்குத்தான் இது?"

"அத்தைக்கு."

"அம்மா கேட்டுச்சா?"

"அவங்க எப்படிங்க கேப்பாங்க?"

அவன் மேலும் குழம்பினான். அதற்குள் அம்மா லட்சுமியம்மாள் வந்து, மருமகள் நீட்டிய டம்ளரை வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. கண்ணை மூடி ஆவியை முகர்ந்தாள். இன்னொரு கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையைத் தடவியது. தை மாதம் அப்பா இறந்ததிலிருந்து அந்தக் கொண்டையில் பூ ஏறவில்லை.

ஜெயப்பிரகாஷ் மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்த லட்சுமியம்மாள், வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மருமகளிடம் மெதுவாகச் சொன்னாள்:

"யாராச்சும் கேட்டா ஏலக்கா டீன்னு சொல்லிடு."